மட்டையைத் தராத மைதானம்: பல்வங்கர் பாலுவும் நாமும்

தலித் இதழில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கிரிக்கெட் என்றாலே அது மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சமாச்சாரம், அக்ரகாரத்துப் பிள்ளைகளின் ஆட்டம் என்று நாமே ஒதுக்கிவைத்துப் பழகிவிட்டோம். எங்கள் வடசென்னையில் ஆட்டம் என்றால் ஃபுட்பால், குத்துச்சண்டை, கேரம். இதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, இடம். கேரம் பலகைக்குத் தெருமுனையில் நாலடி போதும். குத்துச்சண்டைக்கு ஒரு மொட்டைமாடி போதும். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா எங்கள் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். கிரிக்கெட்டுக்கோ மைதானம் வேண்டும், புல் வேண்டும், உருளை வேண்டும், உருட்டுவதற்கு ஆள் வேண்டும்.

மைதானம் எங்கே போயிற்று என்று கேட்டால் அதுவே ஒரு வரலாறு. 1870களில் வெள்ளைக்காரன் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்ட ஆரம்பித்தான். தெற்கிலிருந்து கடலோடு நகர்ந்துவரும் மணலை அந்தச் சுவர் மறித்தது. மறித்த மணல் தெற்குப் பக்கம் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்று, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. அந்தப் பக்கம் கடற்கரை, இந்தப் பக்கம் கருங்கல். அவர்களுக்கு மாலை நேரத்துக் காற்று, எங்களுக்குக் கண்டெய்னர் லாரிப் புகை. திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி டயர் கம்பெனியாக வளர்ந்த எம்.ஆர்.எஃப்பின் பெயர் பின்னாளில் டெண்டுல்கரின் மட்டையில் ஒட்டியிருந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் டி.வி.யில்தான் பார்த்தார்கள்.

ஆகவே கிரிக்கெட் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்வது எளிது. ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. சர்வதேச அளவில் பெயர் வாங்கிய இந்தியாவின் முதல் பெரிய பந்துவீச்சாளர் ஒரு தலித். தோல் தொழிலோடு பிறப்பால் கட்டிப்போடப்பட்ட சம்பார் சாதியில், 1870களின் நடுவில், தார்வாரில் பிறந்தவர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இந்தப் பெயரைச் சொல்லித்தரவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து முடித்து, அம்பேத்கரைத் தேடித் தேடிப் படித்தபோதுதான் ஓரத்தில் இந்தப் பெயர் தட்டுப்பட்டது. 2002ல் இராமச்சந்திர குகா இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாற்றை எழுதியபிறகுதான் படித்தவர்கள் மத்தியிலேயே இவர் பெயர் பரவியது. பாலுவின் தம்பி விட்டல் 1948லேயே தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதிவைத்திருந்தார். நம்மாட்கள் எழுதாமல் இல்லை. எழுதியதை எடுத்துப் படிக்க ஆளில்லை.

பாலுவின் தந்தை ராணுவம் சார்ந்த வேலையில் இருந்தார். அம்பேத்கரின் குடும்பமும் அப்படித்தான். வெள்ளைக்காரனின் ராணுவம் தீண்டப்படாதவர்களுக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பிகளுக்கும் முதல் ஆட்டச் சாமான். பூனாவில் பார்சிகளின் கிளப் ஒன்றில் மைதானத்தைப் பெருக்கி உருட்டும் வேலை கிடைத்தது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய். வலை கட்டவேண்டும், களத்தை உருட்டவேண்டும், கோடு போடவேண்டும், டென்னிஸ் திடலையும் கவனிக்கவேண்டும்.

துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக யாராவது பந்து வீசவேண்டும் அல்லவா? அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளர் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடுவாராம். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இடதுகைச் சுழற்பந்து இப்படி மணிக்கணக்கில் வீசி வீசியே கூர்மையானது. ஆனால் அத்தனை வருடத்திலும் ஒரு நாள்கூட வலையில் மட்டை பிடிக்க அவருக்குக் கிடைக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, அதை வேலைக்காரன் செய்யலாம். மட்டை பிடிப்பது சுகம், அது எஜமானுக்கு. உழுவது ஒருவன், அறுவடையை அளந்து எடுத்துப்போகிறவன் இன்னொருவன் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கிலாந்து ஆட்டத்திலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

பூனாவின் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரனைத் தோற்கடிக்கவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அதற்கு பாலு வேண்டும். ஆனால் பாலு தீண்டப்படாதவர். தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள், உள்ளூர்ப் பார்ப்பனர்கள் கூடாது என்றார்கள். கடைசியில் ஜெயிக்கும் ஆசை சாஸ்திரத்தை ஜெயித்தது, பாதியளவுக்கு. களத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, உடைத்துப்போடும் மண் கலயத்தில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவவேண்டும் என்றால் இன்னொரு தீண்டப்படாத வேலைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றவேண்டும். நம்மூர் டீக்கடையின் இரட்டைக் குவளைதான் இது. வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தது.

எங்கள் இரவுப் பாடசாலையில் இந்தக் கதையைச் சொன்னபோது ஏழாவது படிக்கும் பெண் ஒன்று குறுக்கே கேட்டது: “அண்ணா, அவரு தொட்ட பந்தத்தான அவுங்களும் தொட்டாங்கோ? அப்போ தீட்டு இன்னா ஆச்சு?” பக்கத்திலிருந்த பையன் சட்டென்று சொன்னான்: “ஜெயிக்கணும்ல, அதான் கம்முனு தொட்டுக்கினாங்கோ.” தீண்டாமை பற்றி இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வரங்கிலும் நான் கேட்டதில்லை. தீட்டு என்பது நம்பிக்கை மட்டும் என்றால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஆதாயம் இருக்கும் இடத்தில் தளர்ந்து, ஆதாயம் முடிந்ததும் இறுகுகிறது என்றால் அது அதிகாரம். இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. அந்தப் பந்தே தோல். செத்த மாட்டை உரித்துப் பதப்படுத்தித் தைத்தவனைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் தைத்ததை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாலு ஜெயித்துக்கொடுத்தார். சீர்திருத்தவாதி ரானடே, ஆட்டத்தில் கூடச் சேர்த்துக்கொண்டால் சாப்பாட்டிலும் கூடச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று பேசினார். திலகரும் பொதுக்கூட்டத்தில் மாலை போட்டார். 1890களின் கடைசியில் பிளேக் வந்து பூனா காலியானபோது பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார், ரயில்வேயில் வேலை கிடைத்தது. விளையாட்டால் கிடைத்த வேலை. ஹார்பர், ரயில்வே, ஐ.சி.எஃப். என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பி உடம்பை வளர்க்கும் வடசென்னைக் குடும்பங்களுக்கு இதன் அருமை புரியும். பந்து நமக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது ஒரு மனு.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. 109 ரன்னில் வெற்றி. பாலுவும் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். இதைப் புகழ்ந்து எழுதிய பத்திரிகைகளில் ஒன்று ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’. 1890ல் நம் சென்னையில் தொடங்கிப் பின்னர் பம்பாய்க்குப் போன பத்திரிகை அது. தீண்டப்படாதவரைச் சேர்த்துக்கொண்டது சமூக முன்னேற்றத்தின் ஒரு படி என்று அது பாராட்டியது. பாராட்டு யாருக்குப் போனது என்று கவனியுங்கள். விக்கெட் எடுத்தது பாலு. பெருந்தன்மைப் பட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு.

சேப்பாக்கத்திலும் இதே காலத்தில் ஒரு கதை நடந்தது. 1846ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருடையது. அங்கே இந்தியர்களுக்கு மரத்தடிதான் என்பதால் ரோஷப்பட்டு, 1888ல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்று நம் கிரிக்கெட் வரலாறு பெருமையாகச் சொல்கிறது. நியாயமான ரோஷம்தான். ஆனால் மரத்தடியில் உட்காரவைக்கப்பட்டவர்களின் அவமானம் எழுதப்பட்ட அளவுக்கு, அந்த மரத்தடியைப் பெருக்கிக் களத்தை உருட்டியவர்களின் கதை எழுதப்படவில்லை. அவர்களில் எத்தனை பாலு இருந்தார்களோ.

1911ல் இந்தியாவிலிருந்து முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். பாலு, சிவராம் இரண்டு பேரும் போனார்கள். பாலுவுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தது, தோளில் வலி வேறு. அணி படுமோசமாக ஆடியது. முதல்தர ஆட்டங்கள் 14ல் 10 தோல்வி, 2 டிரா, 2 வெற்றி. மகாராஜாவுக்கோ ஆட்டத்தைவிட விருந்துகளில்தான் நாட்டம். அந்தக் கோடையில் எல்லா ஆட்டங்களும் சேர்த்து பாலு எடுத்த விக்கெட்டுகள் 114. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8. சாமர்செட்டுக்கு எதிரான ஆட்டத்தில் சிவராம் சதமடித்து ஒரு விக்கெட்டில் ஜெயிக்கவைத்தார். ராஜா தலைமை தாங்கிய அணியின் மானத்தை மைதானம் பெருக்கப் போனவரும் அவர் தம்பியும் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள்.

திரும்பிவந்தபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி வரவேற்பு கொடுத்தார்கள். அந்த வரவேற்புப் பத்திரத்தை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் என்று சொல்லப்படுகிறது. அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். அந்தத் தலைமுறைக்கு பாலு எப்படிப்பட்ட ஆளாகத் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். தலைவர்கள் உருவாகும் முன்பே உருவான நாயகன்.

ஆனால் கேப்டன் பதவி? மூத்த ஆட்டக்காரர், அணியிலேயே சிறந்தவர், இங்கிலாந்து போய்ப் பெயர் வாங்கிவந்தவர். வருடம் வருடமாக இந்து அணியின் தலைமை ஒரு பார்ப்பனருக்கோ வேறு மேல்சாதிக்காரருக்கோதான் போனது. கேப்டனாக இருந்த எம்.டி. பாய் 1913ல், இந்த மரியாதை பாலுவுக்குத்தான் வந்திருக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 1920ல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். பாய்க்கு உடம்பு முடியாதபோது தலைமை விட்டலுக்கு வரவில்லை, தேவ்தருக்குப் போனது. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினார்கள். சாதி காரணமாகத்தான் ஒதுக்கப்படுகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு விலகினார்கள். கிரிக்கெட் வரலாற்றில் இதைச் சின்னத் தகராறு மாதிரி எழுதுவார்கள். என்னைக் கேட்டால் இது ஒரு வேலைநிறுத்தம். ஊர் பேச ஆரம்பித்ததும் சமரசம் வந்தது. அடுத்த ஆட்டத்தில் பாலு துணைத் தலைவர். பாய் கொஞ்ச நேரம் களத்தைவிட்டு வெளியே போக, அந்தக் கொஞ்ச நேரம் பாலு தலைமை தாங்கினார். வாழ்நாள் ஆட்டத்துக்குக் கூலி அந்தக் கொஞ்ச நேரம்தான். 1923ல் விட்டலுக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. அந்த வருடம் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். மேல்சாதி ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேட்டு வாங்கியது இது. யாரும் கருணையால் கொடுக்கவில்லை.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் பார்க்கவேண்டும். கியூபாவில் பெரிகோ என்ற ஊரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் 1920களில் பிறந்தவர் மின்னி மின்யோசோ. கருப்பர். ஆட்டம் பேஸ்பால். களத்தின் வெளி எல்லையில் நின்று பந்தைப் பிடிக்கும் அவுட்ஃபீல்டர் என்று பெயர் வாங்கியவர். அமெரிக்காவில் கருப்பர்களுக்கென்று ஒதுக்கிய நீக்ரோ லீகில் ‘நியூயார்க் கியூபன்ஸ்’ அணிக்கு ஆடினார். 1947ல் ஜாக்கி ராபின்சன் பெரிய லீகின் நிறக்கோட்டைத் தாண்டினார். 1949ல் மின்யோசோ கிளீவ்லாந்தில் நுழைந்தார். 1951 மே 1 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸின் முதல் கருப்பு ஆட்டக்காரராக இறங்கி, முதல் அடியிலேயே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். வீசிய பந்து மட்டையாளர் உடம்பில் பட்டால் முதல் தளத்துக்கு இலவசமாகப் போகலாம் என்பது அந்த ஆட்டத்தின் விதி. அப்படி அதிகம் அடிவாங்கியவர் என்று 10 பருவங்களில் லீகில் முதலிடம் மின்யோசோவுக்கு. அடிவாங்குவார், எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு தளத்துக்கு ஓடுவார்.

கியூபப் புரட்சிக்குப் பின் 1961ல் அங்கே தொழில்முறை விளையாட்டு நிறுத்தப்பட்டது. அவர் ஊர் திரும்பவில்லை. 1964ல் அமெரிக்க லீகில் இடம் போனபிறகு மெக்சிகோவுக்குப் போய் 1973 வரை, ஐம்பதை நெருங்கும் வயது வரை ஆடினார். புகழ்க்கூடத்தில் இடம் 2022ல் கிடைத்தது. அவர் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் முறை ஒன்றுதான். உழைப்பை உடனே எடுத்துக்கொள்வார்கள், மரியாதையை முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். வித்தியாசமும் உண்டு. அமெரிக்கா 1947க்குப் பின் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசியே தீரவேண்டியிருந்தது. இங்கே கோடே இல்லை என்று சொல்கிறார்கள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வரவேண்டும். பாலு பின்னாளில் அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1932ல் தனித்தொகுதிக் கோரிக்கையை எதிர்த்தார். நம்மூர் எம்.சி. ராஜாவும் இந்து மகாசபையின் மூஞ்சேயும் செய்துகொண்ட கூட்டுத்தொகுதி உடன்பாட்டை ஆதரித்தார். காந்தியின் உண்ணாவிரதத்தின்போது நடந்த பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டு, செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார். 1935ல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோதும் எதிர்த்தார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் இவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245. பாலு 11,225. 2,020 வாக்கில் அம்பேத்கர் தப்பினார்.

இதைப் படித்தவுடன் ‘சம்ச்சா’ என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். பூனா ஒப்பந்தத்தின் 50ஆவது ஆண்டில், 1982ல், கன்ஷிராம் எழுதிய சிறுநூல் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்தது. தேவையான சொல்தான். ஆனால் பாலுவை அதற்குள் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ‘இந்துக்கள்’ என்ற பெயர் போட்ட அணிக்குத்தான் ஆடினார். பம்பாயில் அணிகளே மதத்தால் பிரிந்திருந்தன. பார்சி, இந்து, முஸ்லிம், ஐரோப்பியர் என்று. தீண்டப்படாதவருக்குத் தனி அணி இல்லை. அந்த இந்து அணிக்குள் கதவு ஒவ்வொரு அங்குலமாகத் திறப்பதை அவர் கண்ணால் பார்த்தார். மண் கலயத்திலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து துணைத் தலைவர் பதவிக்கு, தம்பிக்குக் கேப்டன் பதவிக்கு. உள்ளேயே இருந்து மாற்றிவிடலாம் என்று அந்த அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கும்.

அவருடைய பிழை அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. ஒரு பல்வங்கரைச் சேர்த்துக்கொள்ள அணிக்கு ஆதாயம் இருந்தது. கிராமத்துச் சேரியில் இருக்கும் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துக்கொள்ள ஊருக்கு என்ன ஆதாயம்? இடதுகைச் சுழல் இல்லாதவனுக்கும் மரியாதை வேண்டும் என்பதுதான் அம்பேத்கரின் அரசியல். திறமையைக் காட்டி வாங்கும் மரியாதை திறமைசாலியோடு முடிந்துவிடும். உரிமையாக வாங்குவதுதான் பிள்ளைகளுக்கும் சேரும். எம்.சி. ராஜாவும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். 1938ல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜியின் காங்கிரஸ் அரசே ஆதரிக்கவில்லை.

கூட்டுத்தொகுதி முறை இல்லையென்றால் 1937ல் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக அப்படிப் பயன்படுத்தியிருக்க முடியாது. சாதி இந்துக்களின் ஓட்டும் சேர்ந்து எண்ணப்படும் இடத்தில், நம்மில் ஒருவரை வைத்தே நம்மில் இன்னொருவரைத் தோற்கடிக்கலாம். 1952ல் பம்பாயில் அம்பேத்கர் தோற்றபோது அவரைத் தோற்கடித்த காங்கிரஸ்காரரும் தாழ்த்தப்பட்டவர்தான். நாயகனுக்கு எதிராக நாயகனை ஏவிவிட்டவர்களைப் பற்றிக் கோபப்படாமல், ஏவப்பட்டவரை மட்டும் திட்டுவது நம் கோபத்தை வீணாக்குவது.

பாலு 1955 ஜூலை 4ல் பம்பாயில் இறந்தார். 33 முதல்தர ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. ரஞ்சி பெயரில் 1934லிருந்து தேசியக் கோப்பை இருக்கிறது. ரஞ்சி அரசர், இங்கிலாந்துக்காக ஆடியவர். துலீப் பெயரிலும் கோப்பை உண்டு. அவரும் அரச குடும்பம், அவரும் இங்கிலாந்துக்காக ஆடியவர். இந்தியாவுக்காக 114 விக்கெட் எடுத்த பாலு பெயரில் தேசிய அளவில் ஒரு கோப்பை கிடையாது.

கோப்பை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் கோப்பைக்கு மனுப் போடுவதைவிட நம் கையில் இருக்கும் வேலைகள் சில உண்டு. ஏப்ரல் 14ல் நம் பகுதிகளில் நடக்கும் போட்டிகளில் பாலு, சிவராம், விட்டல் பெயரைச் சொல்லலாம். விட்டலின் நூலை மராத்தி தெரிந்த தோழர்கள் யாராவது தமிழுக்குக் கொண்டுவரவேண்டும். ஹார்பரிலும் ரயில்வேயிலும் ஆடி ஓய்வுபெற்ற நம் பெரியவர்கள் இன்னும் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள். யார் கேப்டன் ஆனார்கள், யார் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள், சாப்பாட்டுப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அவர்களைக் கேட்டு எழுதவேண்டும். மாணவத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினால் போதும். அவர்கள் போவதற்குள் கிளம்பவேண்டும்.